நம் இல்லம் தேடி வந்த தமிழறிஞர்

ஐம்பெருங் காப்பியங்களுள் முதலில் வைத்து எண்ணப்படும் சீவக சிந்தாமணி இன்று எளிதில் கிடைக்கும் நூலாகும். எந்தப் புத்தகக் கடையிலும் அதனை விலைக்கு வாங்கலாம்; எந்த நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். ஆயின் 1887ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நூலை முழுமையாக உரையோடு கற்க விரும்பிய ஒருவர், பனையோலைச் சுவடி வைத்திருந்த ஒரு வீட்டைத் தேடியே செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு தேடிச் சென்ற ஒருவரின் வரலாற்றை நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அவர் சமணர் அல்லர். சைவ நெறியில் ஊறியவர். சைவ மடம் ஒன்றின் ஆதரவில் கல்வி பெற்றவர். எனினும் நம் காப்பியத்தின் பொருளை அறிய நம்மவர் இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

இளமையும் கல்வியும்

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர்; இராமாயணக் கதை சொல்லி அதனால் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனும் இசைவாணராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழின்பால் சென்றது. ஊர் ஊராகக் குடிபெயர்ந்து, ஆங்காங்கே கிடைத்த ஆசிரியர்களிடம் நிகண்டும் சதகமும் அந்தாதியும் கற்றார். கற்க வேண்டும் என்ற வேட்கை தணியவில்லை.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று வழங்கச் செய்தவர் அப்புலவர் பெருமானே. அவருடன் திருவாவடுதுறை ஆதீனத்திற்குச் சென்று, அங்குத் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரின் அன்புக்கும் உரியவரானார். ஆசிரியர் 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மறைந்தார். பின்னரும் ஐயர் மடத்திலேயே தங்கிப் பாடம் சொல்லி வந்தார். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவ்விடத்தில் ஐயர் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அந்நாளில் தமிழ்ப் புலமை என்பது பெரும்பாலும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் ஆகியவற்றில் அடங்கியிருந்தது. அவற்றையெல்லாம் ஐயர் ஐயந்திரிபறக் கற்றிருந்தார். தாம் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதியைக் கற்றுவிட்டதாகவே எண்ணியிருந்தார்.

ஒரு கேள்வி

அவ்வெண்ணம் 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள் கலைந்தது. சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அவ்வேளை கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்தார். தேசிகரின் சொற்படி அவரைக் காண ஐயர் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பட்டியல் நீண்டது, முதலியாரின் முகத்திலோ வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்பதைத் தவிர வேறு விடை ஐயரிடம் இல்லை.

சில நாட்கள் கழித்துச் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை முதலியார் அவரிடம் கொடுத்தார். அதனைப் படித்துத் தமக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எந்த நூலாயினும் தமிழ் நூல்தானே, பொருள் விளங்காமலா போகும் என்று ஐயர் ஏற்றுக்கொண்டார். ஏட்டை விரித்த பின்னரே உண்மை தெரிந்தது.

சிந்தாமணி திருத்தக்கதேவர் அருளியது. 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்டது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் வீழ்வதும், அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் சீவகனைப் பெறுவதும், கந்துக்கடன் அக்குழந்தையை வளர்ப்பதும், சீவகன் எண்மரை மணந்து நாட்டை மீட்பதும், ஈற்றில் எல்லாவற்றையும் துறந்து முத்தி அடைவதும் நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டறிந்த கதை. ஐயருக்கு அக்கதையே புதிது. நச்சினார்க்கினியரின் உரை இருந்தது. ஆயினும் அவ்வுரை, சமண சமயத்தை ஓரளவு அறிந்தவர்க்காக எழுதப்பட்டது போல் இருந்தது. சமவசரணம் என்றால் என்ன, எண்வகைக் கருமங்கள் யாவை, நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் இயல்பு என்ன, நால்வகைக் கதிகள் யாவை என்பவற்றை அறியாமல் பல செய்யுட்களின் வாயிலையே திறக்க இயலவில்லை. இலக்கணம் துணை செய்யவில்லை. நிகண்டு துணை செய்யவில்லை.

தோரணம் கட்டிய வீடு

அந்நிலையில் கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்று ஐயர் கேள்விப்பட்டார். அவர்கள் இல்லங்கள் உள்ள வீதிக்குச் சென்றார். அவர் சென்ற நாளில் ஒரு வீட்டின் வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமுமாக விழாக்கோலம் பொலிந்தது. என்ன விசேடம் என்று கேட்டார். மாதக்கணக்காகச் சிந்தாமணி படித்து வந்ததாகவும், அன்று அது நிறைவெய்தியதாகவும் அவ்வீட்டார் சொன்னார்கள்.

அந்தக் காட்சியை நாம் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் உலகின் பெரும்பகுதி பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த நூல் அது. கல்லூரித் தமிழாசிரியரும் பொருள் காணாமல் இடர்ப்பட்ட நூல் அது. அதே ஊரில் ஒரு வீட்டில் அந்நூல் ஓதத் தொடங்கப்பெற்று, பொருள் கூறப்பெற்று, பூசையோடு நிறைவு செய்யப்பெற்றது. அங்கே இருந்தவர்கள் பெரும்புலவர்கள் அல்லர். வாணிகமும் வேளாண்மையும் செய்து வாழ்ந்த இல்லறத்தார். ஆனால் முன்னோர் ஓதிய முறையில் ஓதினார்கள். முன்னோர் சொன்ன பொருளைச் சொன்னார்கள். ஆகவே அவர்களுக்கு அது பழைய நூலாகத் தோன்றவில்லை.

அங்குச் சந்திரநாத செட்டியார் என்னும் பெரியவர் ஐயருக்கு அறிமுகமானார். ஐயர் தமக்கு விளங்காத இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். நாட்கணக்கில் திகைக்க வைத்த இடங்களுக்குச் செட்டியார் தயக்கமின்றி விடை கூறினார். கல்லூரி முடிந்ததும் ஐயர் அவ்வில்லத்திற்குச் செல்வது வழக்கமாயிற்று. சமணர் உணவு முறையும், விரதங்களும், வழிபாடும், தீர்த்தங்கரர் வரலாறுகளும் அவருக்குத் தெளிவாயின. அவருடைய ஆர்வத்தைக் கண்ட ஒரு சமணப் பெண்மணி அவரைப் பவ்வியர் என்று பாராட்டினார். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரைக் குறிக்கும் அச்சொல்லின் பொருளையும் ஐயர் பின்னர்க் கேட்டே அறிந்துகொண்டார். வேற்றுச் சமயத்தவர் ஒருவரை அவ்வாறு அழைக்க அந்த அம்மையாருக்கு எவ்விதத் தயக்கமும் இருக்கவில்லை.

இங்கே மற்றொரு செய்தியையும் நினைவுகூரலாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், பிறகு அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் நம்மவரிடையே ஒரு மரபுச் செய்தி வழங்கி வருகின்றது. நச்சினார்க்கினியரும் சமணர் அல்லர். பல நூற்றாண்டுகள் கழித்து அவ்வுரையைப் பதிப்பிக்க வந்தவரும் அதே வழியில் நடக்க நேர்ந்தது. நூலை உடையவரிடம் சென்று கேட்டாலன்றி நூலின் உள்ளம் புலப்படாது என்பதை இருவர் வாழ்வும் காட்டுகின்றன.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

படித்தால் மட்டும் போதாது, பதிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் ஐயருக்கு மெல்ல உருவாயிற்று. 1868ஆம் ஆண்டிலேயே பவர் என்னும் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். முழு நூலும் அச்சில் வெளிவரவில்லை.

சுவடியைப் பதிப்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிதல் நன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுள் எது, உரை எது, உரையில் வரும் மேற்கோள் எது என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் இராது. எல்லாம் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் செய்த பிழையை அடுத்தவர் மேலும் ஒரு பிழையால் திருத்தியிருப்பார். பூச்சி அரித்த துளையும் ஒடிந்த ஓரமும் எஞ்சியவற்றை விழுங்கியிருக்கும். ஒரு பிரதியில் அழிந்தது மற்றொன்றில் இருக்கலாம் என்பதால் பல பிரதிகளை வைத்து ஒப்பிட வேண்டும். ஐயர் சிந்தாமணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தேடிச் சேர்த்தார்.

அவற்றுட் சில சமணக் குடும்பங்களிலிருந்து கிடைத்தவை. பிற சமயத்தாரிடம் ஏட்டைக் கொடுக்கத் தயங்கிய குடும்பங்களும் அந்நாளில் இருந்தன. அதனைக் குறுகிய மனம் என்று நாம் கருத வேண்டியதில்லை. பூசையறையில் வைத்துப் போற்றிய பொருளைக் கைமாற்ற யாரும் அஞ்சுவர். அத்தயக்கத்தைக் கடந்து அவர்கள் கொடுத்தார்கள் என்பதே பெரிது. கொடுத்த ஏடு அச்சில் உயிர்பெற்றது. கொடாமல் பரணில் வைத்த ஏடுகள் எத்தனை மண்ணாயின என்பதை யார் கணக்கிட்டார்?

எதிர்ப்பும் இருந்தது. சைவ மடத்தால் வளர்க்கப்பட்டவர் சமண நூலை வெளியிடலாமா என்று சிலர் குறை கூறினர். சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டதைக் கண்டே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபு சொல்வதால், அக்குறைக்கு ஒரு பழைய வேரும் இருந்தது. ஐயர் தம் திருநீற்றையும் விடவில்லை, சிந்தாமணியையும் விடவில்லை. தம் வழிபாட்டில் சிறிதும் தளராத ஒருவர் பிறருடைய நூலுக்கு உண்மையாக உழைக்க முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

பணமும் எளிதில் கிடைக்கவில்லை. முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். கல்லூரி விடுமுறை நாட்களில் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்தில் அமர்ந்து படிவங்களைத் திருத்தினார். 1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக வெளிவந்தது. அச்சான பின்னரும் கண்டனத் துண்டுத் தாள்கள் வெளிவந்தன. ஐயர் மறுப்பு எழுதிப் பொழுது போக்காமல், அடுத்த பதிப்பைத் திருத்தும் பணியிலும் அடுத்த நூலைத் தேடும் பணியிலும் இறங்கினார்.

சிந்தாமணி திறந்த கதவு

நம் காப்பியம் ஐயருக்குத் தந்தது ஒரு நூலை மட்டும் அன்று. நச்சினார்க்கினியர் தம் உரையில் பிற நூல்களின் அடிகளைப் பெயர் சுட்டாமல் மேற்கோளாக எடுத்தாள்வார். அவை எந்நூலின் அடிகள் என்று ஐயருக்குத் தெரியவில்லை. தெரிந்தாக வேண்டும் என்று தேடினார். அத்தேடலில் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே பத்துப்பாட்டும் சங்கத் தொகைகளும் வெளிப்பட்டன. உரையில் கண்ட அடிகளை அங்கே மூல நூலிலேயே கண்டபோது அவர் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. சிந்தாமணி உரையைப் புரிந்துகொள்ளச் சென்றவர் சங்க இலக்கியத்தின் வாயிலை அடைந்தார்.

அதன் பயனாகவே 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும், 1903இல் ஐங்குறுநூறும், 1904இல் பதிற்றுப்பத்தும், 1918இல் பரிபாடலும், 1937இல் குறுந்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தையும் அவர் அறிந்தவரிடம் கேட்டே கற்றார். சமணர் இல்லத்தில் பயின்ற முறை அங்கும் அவருக்குத் துணை நின்றது.

சமணப் புலவர் இயற்றிய வேறு நூல்களையும் அவர் மறக்கவில்லை. பவணந்தி முனிவரின் நன்னூலை மயிலைநாதர் உரையோடு 1918இல் வெளியிட்டார். கொங்குவேளிரின் பெருங்கதையை, முதலும் முடிவும் சிதைந்த நிலையில் கிடைத்த ஏட்டைக் கொண்டே 1924இல் வெளியிட்டார். ஒவ்வொரு பதிப்பிலும் நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாடபேதம், ஒப்புமைப் பகுதி, அரும்பத அகராதி ஆகியவற்றைச் சேர்த்தார். திண்ணையில் கேட்டு அறிந்தவற்றை, திண்ணைக்கு வர இயலாதவரும் அறியும்படி செய்த ஏற்பாடு அது. பழைய நூலும் புதிய நூலும் அவர் கையில் ஒன்றாயின.

ஏடு தேடி அவர் சென்ற ஊர்கள் பல. சென்ற இடமெல்லாம் நற்செய்தி கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் கோயில் சுவடிகள் சிதைந்துவிட்டன என்று கூறி அவற்றை நெருப்பிலிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. செய்தவர்கள் தீயவர் அல்லர். புனிதமான பொருளைக் காலில் மிதிபடாமல் நீருக்கும் நெருப்புக்கும் கொடுப்பது முறை என்று நம்பியவர்கள். அறியாமை பக்தியின் வடிவில் வந்தால் அதனைத் தடுப்பது அரிது என்பதை இது உணர்த்துகின்றது.

பிற்கால வாழ்வு

1903ஆம் ஆண்டில் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயர் சூட்டினார். தமக்குக் கல்லூரிப் பணி கிடைக்கக் காரணமானவரை நாள்தோறும் நினைக்கச் செய்த பெயர் அது. ஆனந்த விகடனில் 1940 முதல் அவர் எழுதி வந்த என் சரித்திரம் நிறைவு பெறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். கும்பகோணத்துச் சமண நண்பர்களைப் பற்றி அந்நூலில் அவர் அன்போடு எழுதியிருப்பதை இன்றும் படிக்கலாம்.

அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் 1943இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற்குச் சென்றன; அந்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் விளங்குகின்றது. திருவல்லிக்கேணி வீடோ 2012இல் இடிக்கப்பட்டது. ஏடுகளுக்கு ஒரு பாதுகாப்பு அமைந்தது. ஏடுகளைக் காத்தவரின் இல்லத்திற்கு அமையவில்லை.

நமக்குரிய கடமை

சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. கடுவன் ஒன்று தன் மந்திக்கு அன்போடு கொடுத்த பலாக்கனியைச் சோலைக் காவலன் பறித்துக்கொள்கின்றான். அதைக் கண்ட சீவகன், தன் கையில் உள்ள அரசும் முன்பு வேறொருவர் கையில் இருந்ததே, நாளை யார் கைக்குச் செல்லுமோ என்று நினைந்து துறவு மேற்கொள்கின்றான். பொருள் கைமாறும் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. நூலும் கைமாறும். நல்ல கைக்கு மாறினால் அது வாழும். மாறாமல் இறுகப் பற்றிய கையிலேயே உதிர்ந்தும் போகும்.

அன்று அந்த வீட்டில் ஏடு இருந்தது. அதனை ஓதவும் பொருள் சொல்லவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்டு வந்தவருக்கு மறைக்காமல் சொல்லும் மனமும் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்திராவிட்டால் ஐயரின் உழைப்பு எவ்வளவு பெரிதாயினும் நம் காப்பியம் தெளிவான உருவில் வந்திராது. அவரைப் போற்றும்போது, பெயர் தெரியாத அந்த இல்லறத்தாரையும், பவ்வியர் என்று வாழ்த்திய அந்த அம்மையாரையும் சேர்த்தே போற்றுவோமாக.

இன்று ஓலைச்சுவடியைப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிடலாம். ஏட்டின் உருவம் அவ்வாறு காக்கப்படும். ஆனால் சமவசரணம் என்றால் என்ன என்று ஓர் இளைஞர் நம் வீட்டு வாயிலில் வந்து கேட்டால், சந்திரநாத செட்டியாரைப் போல் விடை சொல்ல நம்முள் எத்தனை பேர் இருக்கின்றோம்? பாட்டனார் ஸ்ரீபுராணம் படித்ததைக் கேட்டவர்கள் இருக்கின்றோம்; படித்துக் காட்டுபவர்கள் குறைந்து வருகின்றோம்.

அன்பர்களே! வீட்டில் பழைய சுவடியோ, கையெழுத்துப் பிரதியோ, பக்கம் உதிரும் பழைய பதிப்போ இருந்தால் அதனை எடுத்துத் துடைத்து, அறிந்தவரிடம் காட்டுங்கள். அச்சான சிந்தாமணி ஒன்றை வாங்கி வையுங்கள். மாலையில் விளக்கேற்றிய பின் நாள்தோறும் சில செய்யுட்களையேனும் குழந்தைகளோடு சேர்ந்து ஓதிப் பொருள் கூறுங்கள். நிறைவெய்தும் நாளில் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டுங்கள். அந்தத் தோரணத்தைக் கண்டு என்ன விசேடம் என்று கேட்டுக்கொண்டு மீண்டும் ஒருவர் வரக்கூடும். அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்கட்டும்.